ஐம்பதில் பதினெட்டாவது போஸ்டர்

ஜப்பானிலிருந்து முதல் உருளை வந்த அன்று, தபால்காரர் அதைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் கொடுத்தார். என் இடுப்பு உயரத்துக்கு ஓர் அட்டைக் குழாய். இரண்டு முனையிலும் பிளாஸ்டிக் மூடி, மேலே சுங்கத் துறைச் சீட்டு. "உள்ள என்னம்மா, துப்பாக்கியா?" என்று கேட்டுச் சிரித்தார். சிரித்தாரே தவிர, நான் அதைத் திறக்கும்வரை பட்டறை வாசலைவிட்டு நகரவில்லை. உள்ளேயிருந்து ஒரு தாள் வெளியே வந்தது. தகர டப்பாவுக்குள் நெருக்கமாக அடுக்கிய மீன்கள், ஒவ்வொன்றும் கழுத்தில் டை கட்டியிருந்தன. அவர் அதை மேலும் கீழும் பார்த்தார். "இதுக்கா அங்கேருந்து வரவழைச்சீய?" என்றார். அடுத்த உருளை வந்தபோதும் குலுக்கினார்.

ராஜபாளையத்தில் நான் ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறை நடத்துகிறேன். துணிப்பை, கட்சிக் கொடி, திருவிழா பனியன், மில் சாக்கு, எல்லாம் அடிப்போம். இரண்டு பெண்கள் என்னோடு வேலை பார்க்கிறார்கள். மரச் சட்டத்தில் மெல்லிய வலைத்துணியை இறுக இழுத்துக் கட்டி, படம் விழவேண்டிய இடத்தில் மட்டும் அதன் கண்களைத் திறந்துவிட்டு, மேலே மையை ஊற்றி ரப்பர் பட்டையால் இழுத்தால் கீழே இருக்கும் துணியில் படம் இறங்கும். ஒரு நிறத்துக்கு ஒரு சட்டம். ஜவுளிக்கடைப் பைக்கு இரண்டு நிறம் போதும். மூன்று கேட்டால் நான் விலையைக் கூட்டுவேன்.

ஒருமுறை ஒரு கடைக்காரர் பையில் கருநீலம் மெல்ல மெல்ல வெளிர்ந்து வெள்ளையாக வேண்டும் என்றார். அதை எப்படிச் செய்வது என்று கைபேசியில் தேடினேன். ஜப்பானில் ஏதோ ஒரு சின்னப் பட்டறையில் ஒருவர் அதையே செய்துகொண்டிருந்தார். ஒரே சட்டத்தில் இரண்டு மைகளைப் பக்கத்துப் பக்கத்தில் ஊற்றி ஒரே இழுப்பில் கலக்கவிடுகிறார். ஒரு தாளைப் போல இன்னொரு தாள் வராது. அவர் அடித்தது பை அல்ல, போஸ்டர். பதினொரு நிறம் என்று எண்ணினேன். பதினொரு சட்டம், பதினொரு இழுப்பு, ஒன்றுகூட மயிரிழை விலகவில்லை. அன்று என் பட்டறையில் அடித்துக் காயப் போட்டிருந்த பைகளைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

அப்படித்தான் ஆரம்பித்தது. அங்கே இப்போதும் நாடகக் குழுக்களுக்கும் சின்னக் கண்காட்சிகளுக்கும் ஓவியர்கள் கையால் இப்படிப் போஸ்டர் அடிக்கிறார்கள். ஐம்பது, நூறு என்று அடித்துவிட்டு நிறுத்திவிடுவார்கள். ஓரத்தில் பென்சிலால் எத்தனையாவது தாள் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். இணையத்தில் ஏலத்துக்கு வரும். நமக்காக ஏலம் கேட்டு வாங்கி அனுப்பிவைக்க அங்கே முகவர்கள் இருக்கிறார்கள். ஆறு வருடத்தில் என்னிடம் இருபத்திரண்டு போஸ்டர்கள் சேர்ந்தன.

என் வீட்டுக்காரர் போலீஸ். வெளிமாவட்டத்தில் தலைமைக் காவலர். வார விடுப்பில்தான் வீட்டுக்கு வருவார். வந்ததும் முதல் வேலையாகப் பட்டறைக்குள் புதுக் குழாய் ஏதும் நிற்கிறதா என்று பார்ப்பார்.

"முன்னப்பின்ன தெரியாத ஜப்பான்காரன் ஒனக்கு எதுக்குட்டி அனுப்புதான்?"

"காசு குடுத்தா அனுப்புதான்."

"காசை வாங்கிட்டு அனுப்பாம இருந்தா என்ன செய்வ? எந்த ஸ்டேஷன்ல போய்ச் சொல்லுவ?"

"இதுவரைக்கும் எல்லாம் வந்திருக்குல்லா?"

"எல்லாஞ் சரியா வருதுன்னாத்தான் எனக்குச் சந்தேகமே," என்பார். குழாயைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டுவார். மூடியின் உள்பக்கத்தை விரலால் தடவிப் பார்ப்பார். எனக்குக் கோபம் வரும். நானும் லேசுப்பட்டவள் அல்ல. என் பங்குக்கு அவரைச் சந்தேகப்பட்டேன், நான் இல்லாதபோது எடுத்துப் பார்க்கிறாரோ, கை ரேகை படிகிறதோ என்று. ஒவ்வொரு போஸ்டரின் பின்பக்கத்திலும் வலது மூலையில், பொடியாகப் பென்சிலால் ஒரு 'ழ' எழுதிவைப்பேன். யாராவது எடுத்துவிட்டு வேறு எதையும் வைத்துவிடக் கூடாது என்றுதான். ராஜபாளையத்தில் யார் என் ஜப்பான் போஸ்டரைத் திருடி அந்த இடத்தில் வேறொன்றை வைக்கப் போகிறார்கள் என்று அப்போது யோசித்ததில்லை.

இருபத்திரண்டாவதாக வந்ததுதான் காது. ஒரு பெரிய வெள்ளைக் காது. அதன் துளைக்குள் ஒரு படிக்கட்டு இறங்குகிறது. பின்னால் இருட்டத் தொடங்கும் வானம், உச்சியில் கருநீலம், கீழே வர வர வெளிர்ந்து காதின் மடலைத் தொடும் இடத்தில் பால் நிறம். ஏதோ ஒரு சிறிய நாடகக் குழுவுக்காக அடித்தது. மொத்தமே ஐம்பது. என்னுடையது பதினெட்டாவது. இரண்டு வருடம் அது ஏலத்துக்கு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வந்ததும், அதுவரை வாங்கிய எதற்கும் கொடுக்காத விலை கொடுத்து வாங்கினேன். தாளை விரித்துக் காதின் மேல் விரலை ஓட்டினேன். வெள்ளை மை தடிப்பாக மேலெழும்பி நின்றது. அதுதான் ஸ்கிரீன் பிரிண்டிங்கின் அடையாளம். மெஷின் அச்சில் மை தாளோடு தாளாகப் படுத்துவிடும், விரலுக்குத் தெரியாது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்போது எனக்கு நாற்பத்தாறு வயது. கிட்டப் பார்க்கக் கண்ணாடி போடச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு ஆறு மாதமாகப் பையிலேயே கிடந்தது.

மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. பட்டறையில் பூச்சி வேறு. இதை மட்டும் சட்டம் போட்டு மாட்டிவிடலாம் என்று முடிவு செய்தேன். எங்கள் ஊரில் கேட்ட இடத்தில் எல்லாம் படத்தைப் பலகையில் பசை போட்டு ஒட்டித்தான் தருவோம் என்றார்கள். ஒட்டினால் போஸ்டர் செத்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரடிப் பக்கம் ஒரு ஃபிரேம் கடை இருக்கிறது. கடைக்காரருக்கு ஐம்பது வயது இருக்கும். ஆண்டாள் படத்துக்கும் காலண்டர் சாமி படங்களுக்கும் சட்டம் போடுவதுதான் அவர் பிழைப்பு. ஒட்டாமல், மூலைகளில் காகிதம் மடித்துச் செருகி நிறுத்தித் தருகிறேன் என்றார். நான் குழாயைத் திறந்து போஸ்டரை விரித்தேன். அவர் மேசை விளக்கை இழுத்துக்கொண்டு குனிந்தார். வெகுநேரம் குனிந்தே இருந்தார்.

"எங்க வாங்குனிய தங்கச்சி?"

"ஜப்பான்ல, அண்ணாச்சி. மொத்தமே அம்பதுதான் அடிச்சிருக்காவ. கையால அடிச்சது."

"கையாலயா?" என்றார். என் முகத்தைப் பார்த்தார். வேறு ஏதோ கேட்கப் போவதுபோல இருந்தது. "நாலு நாள் கழிச்சு வாங்க" என்று முடித்துவிட்டார்.

"கீழ பென்சில்ல நம்பர் இருக்கு. அதை மறைச்சிராதிய."

தலையை ஆட்டினார்.

நான்கு நாள் கழித்து ஃபோன் செய்தேன். கண்ணாடி வரவில்லை என்றார். ஆறாம் நாள் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் ஒரு வேலை இருந்தது. முடித்துவிட்டுத் தேரடிக்குப் போனேன். கடை பூட்டியிருந்தது. பக்கத்துப் பால்கோவா கடையில் பெட்டி கட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டேன்.

"அவரு காலைலயே ஒரு பெரிய குழாயத் தூக்கிக்கிட்டு சிவகாசி பஸ் ஏறிட்டாரே."

"குழாயா? என்ன குழாய்?"

"இம்புட்டு ஒசரத்துக்கு. ஏம்மா, ஒங்களுதா?"

 எதற்காக ஒருவர் என் போஸ்டரைத் தூக்கிக்கொண்டு சிவகாசிக்குப் போகவேண்டும்? எதைக் கொடுத்தாலும் அச்சு அசலாக இன்னொன்று அடித்துத் தரும் ஊர் அது. எங்கள் தொழிலில் இருக்கும் எவருக்கும் தெரியும். அவருக்கு உடனே ஃபோன் செய்தேன். எடுக்கவில்லை. மாலையில் அவரே கூப்பிட்டார். "கண்ணாடி வாங்கப் போயிருந்தேன் தங்கச்சி" என்றார். கண்ணாடி வாங்கப் போகிறவர் போஸ்டரை எதற்குச் சுமந்து போக வேண்டும்? நான் கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவார் என்று தோன்றியது. என் வீட்டுக்காரரோடு இருபது வருடம் குடும்பம் நடத்தியதில் எனக்கு ஒட்டிக்கொண்ட புத்தி அது.

பன்னிரண்டாம் நாள் போஸ்டர் சட்டத்தோடு வந்தது. அவரே வேனில் ஏற்றிக்கொண்டு வந்து மாட்டிக் கொடுத்தார். தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பினார். போகும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் சுவரைப் பார்த்தேன். கீழே பென்சில் எண் தெரியவில்லை. சுற்றிலும் வைத்த வெள்ளை அட்டை அதை மூடியிருந்தது. கையெழுத்தையும் சேர்த்து. வானத்தின் நீலம் எனக்குத் தட்டையாகத் தெரிந்தது. கடையில் கொடுக்கும்போது அதில் இருந்த ஆழம் எங்கே போயிற்று? கண்ணாடி போட்டதால் தொட்டுப் பார்க்கவும் முடியாது. அதற்காகவே கண்ணாடி போட்டாரோ என்றுகூட நினைத்தேன்.

அந்த வாரம் முழுக்க நான் வேலையே ஒழுங்காகச் செய்யவில்லை. ஒரு பை ஆர்டரில் கடை பெயரின் கொம்பு விட்டுப்போய் அறுநூறு பை வீணானது. சாப்பிடும்போதும் அந்தச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அசல் எங்கே இருக்கும்? சிவகாசியில் ஏதாவது பீரோவிலா? இல்லை, யாரிடமாவது விற்றாகிவிட்டதா? சட்டத்தைப் பிரித்துப் பின்பக்கத்து 'ழ'வைத் தேடலாம். ஆனால் நானே பிரித்து, அது இல்லாமல் போனால், "நீங்களே மாத்திட்டு எம்மேல பழி போடுதிய" என்று அவர் சொல்லிவிட்டால்? அவர் முன்னால் வைத்துத்தான் பிரிக்கவேண்டும்.

வார விடுப்பில் வந்தவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. ஆறு வருடமாகக் காத்திருந்த குற்றம் கடைசியில் கிடைத்துவிட்டதுபோல.

"குழாயோட போனதைப் பாத்த சாட்சி இருக்கு. பொய் சொல்லியிருக்கான். நம்பரை மறைச்சிருக்கான். வேற என்னட்டி வேணும்? கெளம்பு."

"நீங்க சண்டை போடக் கூடாது."

"நான் எதுக்குச் சண்டை போடப் போறேன்? சும்மா கேக்கத்தான போறேன்."

சட்டத்தைப் போர்வையில் சுற்றி, தெரிந்தவர் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். என் வீட்டுக்காரர் சீருடையில் இல்லை. ஆனால் கடைக்குள் அவர் நுழைந்த விதத்துக்குச் சீருடை தேவைப்படவில்லை. ஃபிரேம் கடைக்காரர் எழுந்து நின்றுவிட்டார். படத்துக்குச் சட்டம் வாங்க வந்திருந்த ஒரு வயதான தம்பதி சத்தமில்லாமல் வெளியே போய்விட்டார்கள்.

"சிவகாசிக்கு என்னத்தைக் கொண்டு போனேரு?"

கடைக்காரர் கையில் இருந்த அளவுகோலை மேசையில் வைத்தார்.

"கேக்குறேன்லா? கண்ணாடி வாங்கப் போனதா இவகிட்டச் சொல்லியிருக்கீரு. அசல் எங்க இருக்கு?"

"அசலா?" என்றார் அவர். அந்த ஒரு சொல்லை அவர் சொன்ன விதம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, நான் மாத்திட்டேன்னா நெனச்சிய?"

நான் தலை குனிந்துகொண்டேன். 

அவர் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கினார். மேசையைத் துடைத்தார். சட்டத்தைக் கவிழ்த்து வைத்து, பின்னால் ஒட்டியிருந்த பழுப்பு டேப்பைக் கத்தியால் நான்கு பக்கமும் கீறினார். ஆணிகளை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்து ஒரு மூடியில் போட்டார்.  பலகையைத் தூக்கினார். போஸ்டரின் முதுகு தெரிந்தது. வலது மூலையில் என் 'ழ' இருந்தது. சுழி சற்றுப் பெரிதாக, நான் எழுதும் விதத்தில்.

"அதையும் பாத்து எழுதியிருப்பான்" என்றார் என் வீட்டுக்காரர்.

"இல்லைங்க. இது என் கையெழுத்து."

"நல்லாப் பாரு."

"என் கையெழுத்து எனக்குத் தெரியாதா? இது என் போஸ்டர்தான்."

நிம்மதி வரும் என்று நினைத்திருந்தேன். வந்தது வெட்கம்தான். என் வீட்டுக்காரர் மட்டும் விடவில்லை. "அப்போ எதுக்கய்யா சிவகாசிக்குத் தூக்கிட்டுப் போனீரு? அதைச் சொல்லும்."

கடைக்காரர் போஸ்டரைப் புரட்டி வைத்தார். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சின்ன உருப்பெருக்கி எடுத்து, வானத்தின் நீலம் வெளிறும் இடத்தில் வைத்தார். "நீங்களே பாருங்க தங்கச்சி" என்றார்.

குனிந்து பார்த்தேன். இரண்டு மைகள் ஒரே இழுப்பில் கலந்த வழவழப்பு அங்கே இல்லை. புள்ளிகள். நீலப் புள்ளி, சிவப்புப் புள்ளி, கறுப்புப் புள்ளி, பூ வடிவத்தில் ஒன்றையொன்று சுற்றி நின்றன. காலண்டரில், பத்திரிகை அட்டையில் இருக்கும் அதே புள்ளிகள். மெஷின் அச்சு. உருப்பெருக்கியைக் காதின் மேல் நகர்த்தினேன். அங்கே மட்டும் வெள்ளை மை கெட்டியாக, புள்ளியில்லாமல் இருந்தது. வானத்தையும் படிக்கட்டையும் மெஷினில் அடித்துவிட்டு, மேலே ஒரே ஒரு நிறத்தை மட்டும் ஸ்கிரீனில் இழுத்திருக்கிறார்கள். விரலால் தொடுகிறவரை ஏமாற்ற அது போதும். நான் தொட்டதும் காதை மட்டும்தானே.

"வந்த அன்னைக்கே எனக்குத் தோணிச்சு," என்றார் அவர். "இருபது வருசமாக் காலண்டர் படத்துக்குத்தான் சட்டம் போடுதேன். அடி ஓரத்துல பாருங்க, கலர் விலகி நூல் மாதிரி தனித்தனியாத் தெரியும். கையால அடிச்சதுன்னு நீங்க சொன்னிய. எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. நாம தப்பாச் சொல்லிறக் கூடாதேன்னு மச்சான்கிட்டக் கொண்டு போனேன். அவன் ஆஃப்செட் மெஷின்ல வேலை பாக்கான். அவனும் அதையேதான் சொன்னான்."

"அதை எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா அண்ணாச்சி?"

"எப்படிச் சொல்ல? நீங்க அதை விரிக்கும்போதே ஒங்க முகத்தைப் பாத்தேன். காசையும் குடுத்துட்டிய. இனிச் சொல்லி என்ன ஆகப்போகுது? அந்த ஓரம் கண்ணுல படாம இருக்கட்டும்னுதான் அட்டையக் கீழ ஏத்தி வச்சேன். நம்பரும் மறைஞ்சிரும்னு தெரியும். வேற வழியில்ல."

 என் வீட்டுக்காரர் உருப்பெருக்கியை என் கையிலிருந்து வாங்கித் தானும் குனிந்து பார்த்தார். எதைப் பார்க்கவேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்காது.

அதே மாதிரி உருப்பெருக்கி என் பட்டறையிலும் இருக்கிறது. வலைத்துணியின் கண் அடைத்திருக்கிறதா என்று தினமும் அதை வைத்துத்தான் பார்க்கிறேன். மூடியைத் தடவிய புருஷனையும் முகம் பார்க்காமல் போன கடைக்காரரையும் விடாமல் சந்தேகப்பட்டேன். முகமே தெரியாத ஒருவர் அனுப்பியதை ஒருமுறைகூட உருப்பெருக்கி வைத்துப் பார்க்கவில்லை. ஜப்பானிலிருந்து வந்தது, பென்சிலில் எண் போட்டிருக்கிறது, அவ்வளவு போதும் என்று இருந்துவிட்டேன்.

முகவருக்கு எழுதினேன். படங்கள் எடுத்து அனுப்பினேன். மிகவும் பணிவாகப் பதில் வந்தது. விற்றவர் தன் கணக்கை மூடிவிட்டார், புகார் சொல்லும் கெடுவும் முடிந்துவிட்டது, வருந்துகிறோம் என்று. அந்தப் பணிவின் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. ஆனால் செய்ய ஒன்றும் இல்லை.

மற்ற இருபத்தொன்றையும் எடுத்துப் பார்க்க எனக்கு மூன்று வாரம் தைரியம் வரவில்லை. மூக்குக்கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மொட்டை மாடி வெளிச்சத்தில் ஒவ்வொன்றாக விரித்தேன். என் வீட்டுக்காரர் பக்கத்தில் ஒரு நோட்டோடு உட்கார்ந்தார். வாக்குமூலம் எழுதுவதுபோல.

"ஒம்போது?"

"சுத்தம். ஏழு சட்டம்."

"பத்து?"

"சுத்தம்."

"பதினாலு?"

நான் வெகுநேரம் பார்த்தேன். ஒரு கிழவர் சைக்கிளில் பனைவிசிறி போன்ற ஏதோ ஒன்றைக் கட்டிக்கொண்டு போகும் படம். அதில் புள்ளிகள் இருந்தன. ஆனால் அவை பெரிய புள்ளிகள். வேண்டுமென்றே அப்படி அடித்தவையாகவும் இருக்கலாம். சில ஓவியர்கள் அப்படிச் செய்வது உண்டு.

"என்ன எழுத?"

"தெரியலைங்க."

"தெரியலைன்னு எழுத முடியாது. இருக்கு, இல்லை, ரெண்டுல ஒண்ணு சொல்லு."

"தெரியலை. அப்படியே எழுதுங்க."

அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு அப்படியே எழுதினார். மீதி இருபதும் ஸ்கிரீனில் அடித்தவைதான். பதினாலாவதைப் பற்றி இன்றுவரை எனக்கு முடிவு கிடைக்கவில்லை.

காதைப் பட்டறையில் மாட்டினேன். வேலை பார்க்கும் பெண்கள் இருவரும் அதைப் பார்த்துக்கொண்டே பை மடிப்பார்கள். பொய் என்று தெரிந்த பிறகும் அது அழகாகத்தான் இருக்கிறது. அதுவே எனக்கு ஆத்திரமாகவும் இருக்கிறது.

ஃபிரேம் கடைக்காரரைப் பார்க்கப் போக எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. மன்னிப்பை எப்படிக் கேட்பது என்று தெரியாமல், சட்டம் போட இன்னொரு போஸ்டரோடு போனேன். தேரடியில் நல்ல வெயில். என்னைப் பார்த்ததும் அவர் எழுந்து நாற்காலியைத் தள்ளிவிட்டார். என் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று பார்த்தார்.

"அவிய வரலை, அண்ணாச்சி. நான் மட்டுந்தான்."

"வாங்க, வாங்க."

"அன்னைக்கு நடந்தது... எம்மேலதான் தப்பு. அவியளைக் கூட்டிட்டு வந்திருக்கக் கூடாது."

"போலீஸ்காரக வீட்ல அப்படித்தான் இருக்கும்," என்றார். சிரிக்கவில்லை. கடுமையாகவும் இல்லை. "அந்த வயசான ஆளுகதான் பொறவு வரவே இல்ல. அது ஒண்ணுதான்."

 போஸ்டரை விரித்தேன். இந்த முறை அவர் குனியவில்லை. உருப்பெருக்கியை எடுத்து என் பக்கம் தள்ளிவைத்தார். "மொதல்ல நீங்க பாருங்க. என்னன்னு சொல்லிட்டுக் குடுங்க." பார்த்துச் சொன்னேன். பிறகு கைபேசியில் முன்பக்கம், பின்பக்கம், நான்கு மூலை, பென்சில் எண் எல்லாவற்றையும் தனித்தனியாகப் படம் எடுத்தார். கார்பன் தாள் வைத்த ஒரு ரசீதுப் புத்தகத்தை எடுத்து, பார்த்துக் கொடுத்தது, பார்த்து வாங்கியது என்று இரண்டு வரி எழுதினார். அது முன்பு அந்தக் கடையில் கிடையாது.

"யாரு வந்தாலும் இப்ப இப்படித்தான் தங்கச்சி. ஒங்களுக்குன்னு இல்ல."

எனக்காகத்தான் என்று இருவருக்கும் தெரியும். நான் கையெழுத்துப் போட்டேன். அவர் அதைச் சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டுத் தன் கையெழுத்தைப் போட்டு, கார்பன் நகலைக் கிழித்து என்னிடம் நீட்டினார். நானும் அதை மடிப்பதற்கு முன் ஒருமுறை படித்துப் பார்த்துக்கொண்டேன்.